நின்ற நிலையில் அத்தி

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இருபத்திரண்டு அத்திப் புதர்கள் இருந்தன. நவம்பர் பிறந்தால் கிளைகளைக் கட்டி வளைத்துத் தரையில் படுக்கவைப்போம். மேலே கோரைப்பாய் போர்த்தி மண்ணை மேடாக மூடுவோம். மார்ச்சில் தோண்டி எழுப்புவோம். மூடாமல் விட்டால் குளிரில் கருகி, எழுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எங்கள் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது.

அந்த வருடம் அவர்கள் முன்மாதிரிப் பள்ளித் தோட்டப் போட்டி நடத்தினார்கள். நான்காம் விதிப்படி, பார்வையிடும் நாளில் செடிகள் நின்ற நிலையில் இருக்க வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதி வருவதாக இருந்த குழு இருபத்தைந்துக்குத் தள்ளிப் போட்டது. பிறகு பருத்தி வேலை முடியட்டும் என்றது. நவம்பர் பாதி போயிற்று. வெயில் இதமாக இருந்ததால் இலைகள் உதிராமல் நின்றன. தலைமையாசிரியர் ஹைதராலி அதைத் தன் நிர்வாகத் திறமை என்றே எடுத்துக்கொண்டார்.

உயிரியல் ஆசிரியை சனோபர் ஒன்பது வருடங்களுக்கு முன் வெறும் குச்சிகளாகக் கொண்டுவந்து நட்ட செடிகள் அவை. ஒரு திங்கட்கிழமை காலை அவள் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், பாயெல்லாம் வந்தாச்சு. ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க தயாரா நிக்குதுங்க. இன்னைக்கே மூடிடலாம்."

"மூடிட்டு, வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டறது? இருபத்திரண்டு மண்மேட்டையா? கல்லறைக்குப் பரிசு குடுக்கற போட்டி இல்லம்மா இது."

"பாதியையாவது மூடறேன் சார்."

"பாதித் தோட்டத்துக்குப் பாதி மார்க்."

"ரேடியோவுல கடுங்குளிர்னு சொல்றாங்களே!"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் பூகோள ஆசிரியன். "தோலிப், வானிலை உங்க பாடம்தானே? வெள்ளிக்கிழமை குழு வருது. அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன் சார்," என்றேன். இருபது வருடமாக அந்த அறையில் நான் சொல்லிவரும் ஒரே வாக்கியம் அதுதான்.

தாழ்வாரத்தில் சனோபர் என்னை மறித்தாள். "என்னண்ணே, குளிரை அனுப்பாதீங்கன்னு சைபீரியாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டீங்களா?"

அன்று மாலையே ஹைதராலி தோட்டத்து வாயிலைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் சனோபர் பஸ் பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். விதி மேலிடத்தில் எழுதியது, தங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, அங்கே அவளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று இரவு மைனஸ் பதினைந்து டிகிரி. புதன்கிழமை காலை இலைகளெல்லாம் அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. வெள்ளிக்கிழமை, பார்வைக்காக வாயில் திறந்ததும் சனோபர் ஓடிப்போய் ஒரு கிளையை நகத்தால் சுரண்டினாள். பட்டைக்கு அடியில் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. அடுத்த புதரிலும் அதேதான்.

குழுவினர் நான்கு பேர் மென்மயிர்த் தொப்பிகளோடு வந்து இறங்கினார்கள். முதல் இரண்டு மணி நேரம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்டுக்கறிப் புலாவைப் பார்வையிட்டார்கள். அதில் குறை ஒன்றும் காணப்படவில்லை. பிறகு தோட்டத்துக்கு வந்தபோது தலைவர் கமோலித்தீன் நின்றுவிட்டார்.

"இதென்ன, இலையெல்லாம் கறுப்பா இருக்கு?"

எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லி அறியாத ஹைதராலி கண்ணிமைக்கும் நேரத்தில் சொன்னார்: "கறுப்பிலை அத்தி. அபூர்வ ரகம்."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் தலைவர்.

"சார், இது குளிர்ல..." என்று ஆரம்பித்தாள் சனோபர்.

"குளிர்லயும் இப்படியே நிக்கும்னு சொல்ல வர்றாங்க," என்று ஹைதராலி முடித்துவைத்தார்.

தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். மற்ற பள்ளிகளில் மண்மேட்டைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார்களாம். இங்கேதான் உண்மையான தோட்டத்தைக் கண்டாராம். முதல் பரிசை அங்கேயே அறிவித்தார். வசந்தத்தில் மாவட்டத்தின் நாற்பது பள்ளிகளுக்கும் பள்ளிக்குப் பத்துக் குச்சிகள் இந்த ரகத்திலிருந்து வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். பொறுப்பாளர் கையெழுத்து சனோபருடையது. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு நான்கு தொப்பிகளும் காத்திருந்தன. போட்டாள்.

கார் நகர்ந்ததும் அவள் ஹைதராலியிடம் வந்தாள். "கிளை போச்சு சார். வேரு உயிரோட இருக்கலாம். அடியில மண்ண ஏத்திவிட்டா மறுபடி துளிர்க்கும். ஞாயித்துக்கிழமை மைனஸ் பதினெட்டாம். இப்பவாவது மூட விடுங்க."

அவர் முகம் உண்மையாகவே வாடியது. "திங்கக்கிழமை பத்திரிகைக்காரங்க வர்றாங்கம்மா. நின்ன நிலையில படம் வேணுமாம். என் கையில என்ன இருக்கு?"

அவர் கையில் சான்றிதழ் இருந்தது. அதற்குச் சட்டம் போட அப்போதே கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போனார். வாயிலைப் பூட்டவில்லை.

சனோபர் வீட்டுக்குப் போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்தாள். முதல் வெட்டிலேயே அது பாறையில் பட்டதுபோல் கணீரென்றது. திங்கட்கிழமை வெண்ணெயாக இருந்த மண் உறைந்து இறுகியிருந்தது. நான் வாங்கி ஓங்கிப் போட்டேன். முஷ்டி அளவில் நாலைந்து கட்டிகள் பெயர்ந்தன. அவள் அவற்றை ஒரு புதரின் அடியில் அடுக்கினாள். கட்டிகளுக்கு இடையே காற்று தாராளமாகப் போய்வந்தது. தன் கம்பளிச் சால்வையை எடுத்து இடுக்குகளில் திணித்தாள். அது ஒரு புதருக்கே போதவில்லை.

நான் மறுபடி மண்வெட்டியை ஓங்கினேன்.

"விடுங்கண்ணே," என்றாள். "பிடி உடைஞ்சிடும்."