உயிரோடு வேண்டும்

ஏட்டு சுந்தர் வந்து கேட்டைத் தட்டியபோது டெபோராவின் விரல்களில் சாளை மீனின் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். வயிறு சரியில்ல. பாத்ரூம் போணும்" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வாரமாக எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்த வீட்டையே வெறித்துக்கொண்டிருப்பவர். அவள் ஸ்கூட்டரை எடுத்தால் பின்னாலேயே அவருடைய பைக்கும் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் சர்ச் காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். நேற்று மீன்காரியிடம் அவள் வாங்கி முடித்ததும் இவரும் வந்து வாளைக்கு விலை கேட்டார். இன்றைக்கு அவளுடைய கழிப்பறையும் வேண்டுமாம். அவள் வழிவிட்டாள்.

வெளியே வந்து கைக்குட்டையில் முகம் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "தம்பி போன் அடிச்சா சொல்லிருங்க டீச்சர். எங்க கையில கிடைச்சா அவனுக்கு நல்லது."

"மத்த ரெண்டு பேருக்கும் நல்லதுதான் செஞ்சீங்களோ?"

சுந்தர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். "நான் ஏட்டு, டீச்சர். எனக்கு என்ன தெரியும்."

கங்கைகொண்டானுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த தாஜ் முகம்மதுவை, பட்டப்பகலில், அவருடைய கடை வாசலிலேயே மூன்று பேர் வெட்டிக் கொன்றிருந்தார்கள். அந்த ஊர்க் கல்குவாரியில் வெடி வைத்து வைத்துக் கிணறுகள் வற்றிவிட்டன, சுவர்கள் விரிசல் விட்டன என்று மதுரைக்குப் போய் கோர்ட்டில் வழக்குப் போட்டவர் அவர். மூன்று பேரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவான காட்சி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி ஸ்டாஃப் ரூமுக்கும் வந்தது. சயின்ஸ் டீச்சர், "ஐயோ, பாக்க முடியலயே" என்று சொல்லிக்கொண்டே மறுபடி மறுபடி ஓடவிட்டாள். டெபோரா ஒரே தடவைதான் பார்த்தாள். பைக்கிலிருந்து இறங்கிக் கடைக்குள் போகிறவன் இடது காலை லேசாக இழுத்து நடந்தான். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த கால். அந்தக் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டவளே அவள்தான்.

போலீஸ் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. முதலாவது ஆளைப் பிடிக்கப் போனபோது அவன் அரிவாளை ஓங்கினானாம், சுட்டுவிட்டார்கள். இரண்டாவது ஆள் தண்டவாளத்தில் கிடந்தான், தற்கொலை என்றார்கள். அவனைக் கடைசியாகப் பார்த்தவர்கள், ஒரு வெள்ளைக் காரில் சிரித்தபடி ஏறிப் போனான் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் அவள் தம்பி ஜெய்சன். செத்துப்போன தாஜ் முகம்மதுவின் சொந்தக்காரப் பையன்கள் சிலரும் அவனைத் தேடுவதாகக் கேள்வி. தேடுகிற யாருக்குமே அவன் உயிரோடு வேண்டியதில்லை. வழக்கில் காரணம் 'முன்விரோதம்' என்று எழுதியிருந்தது. அந்த மனிதரின் முகத்தையே அதற்கு முன்னால் பார்த்திராத ஜெய்சனுக்கு அவரோடு என்ன முன்விரோதம் என்று யாரும் கேட்கவில்லை. ஜெய்சன் யாருடைய குவாரியில் லாரி ஓட்டினான் என்பதையும் யாரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். ஜாஸ்பர் அண்ணாச்சி. சர்ச்சில் முதல் வரிசை. சர்ச் அசன விருந்துக்கு ஆடுகள் அவர் செலவு. கொலை நடந்த மறுவாரம் அவர் டெபோராவின் வீட்டுக்கே வந்து, நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா தேவதாசனின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். வழிதவறின ஆட்டுக்குட்டியைத் திரும்பக் கொண்டுவரும் என்று கண்ணீர்விட்டு வேண்டினார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அப்பா கண்ணை மூடிக்கொண்டு 'ஆமென்' என்றார். அன்றைக்கு டெபோராவுக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை. அதோடு சமைத்தாள், அதோடு கணக்குப் பாடம் நடத்தினாள், அதோடு படுத்தாள். ஜெபம் முடிந்து ஜாஸ்பர் குடித்துவிட்டு வைத்த காப்பி டம்ளரை அவள் கழுவவில்லை. குப்பையில் போட்டாள்.

அதற்கடுத்த நாள்தான் அவள் தாஜ் முகம்மதுவின் வீட்டுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனதாக அவளே நம்பிக்கொண்டாள். புருஷன் செத்தவள் வாசல் தாண்டாமல் இத்தா இருக்கிற வீடு. வெள்ளைச் சேலையில் அவர் மனைவி ஸமீஹா உள்ளறையில் இருந்தாள். டெபோரா யாரென்று சொன்னதும் கூட இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி வாசலைக் காட்டினாள். ஸமீஹா மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எதுக்கு வந்திய?"

டெபோரா கைகூப்பினாள்.

"அழுவதுக்கா? அழ எங்க வீட்லயே ஆளு இருக்கு. ரெண்டு பேரு செத்துட்டானுவ, நீ சந்தோஷப்படும்மான்னு போலீஸ்காரரு வந்து சொல்லுதாரு. நான் எதுக்குச் சந்தோஷப்படணும்? வெட்டுன கையெல்லாம் மண்ணுக்குள்ள போவுது. வெட்டச் சொன்ன வாயி வெளிய பிரியாணி திங்குது. ஒங்க தம்பியும் செத்துட்டான்னா நான் யாருகிட்டப் போயி கேப்பேன்? அவன் எனக்கு உசுரோட வேணும். பேசுத வாயோட வேணும். முடிஞ்சா அதச் செய்யுங்க. இல்லன்னா இங்கன வராதிய."

திரும்பி வரும் பஸ்ஸில் டெபோரா தம்பியைப் பற்றி நினைத்தாள். பாசமாக அல்ல. அவன் சாகக் கூடாது. செத்துத் தப்பித்துப் போக அவனை விடக் கூடாது.

போன் பள்ளிக்கூட ஆபீசுக்கு வந்தது. யாரோ பேரன்ட் பேசுகிறார் என்று கிளார்க் கூப்பிட்டார்.

"யக்கா, நான்தான். பேரச் சொல்லாத."

கரகரத்த குரல். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு பனைவிளையில், பனையோலைக் கொட்டகையில் கிடக்கிறானாம். "அண்ணாச்சி வண்டி அனுப்புதேன்னு சொல்லியிருக்காரு. அங்கன இருந்து தூத்துக்குடி போயி, போட்டுல ஏத்தி விட்ருவாராம். ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னு..."

"வெள்ளைக் காரா?"

"ஆமா, ஏன் கேக்க?"

"ஒன் கூட்டாளியும் அதுலதாம்ல ஏறுனான். மூணு பேர்ல நீதான் மிச்சம். நீ செத்தா அந்தாளு நிம்மதியா அசனம் போடுவான். நாளைக்குக் காலையில புதுக்குடிக்கு வா. ஸ்ரீவைகுண்டம் கோர்ட்ல சரணடையுத. வரலன்னா நானே ஏட்டுகிட்டச் சொல்லிக் குடுத்துருவேன், பாத்துக்கோ."

சுவரைப் பார்த்து அடங்கிய குரலில் பேசியவள் கடைசியில் குரலை உயர்த்திவிட, கிளார்க் தலை நிமிர்ந்து பார்த்தார். "பீஸ் கட்டாத பேரன்ட் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வக்கீல் ஞானசௌந்தரி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கொலைகாரனுக்கு ஆஜராக மாட்டேன் என்று முதலில் முறித்துப் பேசினாள், பிறகு ஒத்துக்கொண்டாள். "மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு நிறுத்திட்டா பொழச்சான். எதாவது சொல்லணுமான்னு கேப்பாங்க. அப்பம் பேரச் சொல்லிட்டா பதிவாயிரும், பொறவு ஒருத்தனும் அழிக்க முடியாது. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். டெபோரா ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஸ்கூட்டரைப் பள்ளிக்கூட வாசலில் ஏட்டுக்குத் தெரியும்படி நிறுத்திவிட்டு, ஹாஸ்டல் சமையலறைப் பக்கத்து வாசல் வழியாக வெளியேறி, சமாதானபுரத்தில் திருச்செந்தூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டிகள், காவடிகள், ஸ்பீக்கர் கட்டிய மினி லாரிகள். புதுக்குடியில் இறங்கி மோர்ப்பந்தல் அருகே தம்பியைத் தேடினாள். தாடி வளர்ந்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, பச்சை வேட்டி கட்டிய ஒருவன் பக்கத்தில் வந்து "யக்கா" என்றான். ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. இளைத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கையில் மோர் டம்ளரோடு நின்றான். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தவன் போலிருந்தது.

"அவரு ஒங்கிட்ட என்ன பேசுனாரு?" என்று கேட்டாள்.

"யாரு?"

"நீ வெட்டுன மனுசன்."

ஜெய்சன் டம்ளரைப் பார்த்தான். "மோட்டாரு ரிப்பேருக்கு வந்திருக்கேன்னு நெனச்சுட்டாரு." டம்ளரை விரலால் திருப்பியபடி மிச்சத்தைச் சொன்னான். "ஹெல்மெட்டக் கழத்துங்க தம்பி, வேர்க்கும்னாரு."

டெபோரா அறைந்தாள். டம்ளர் தெறித்து மோர் அவன் மார்பில் வழிந்தது. பந்தலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அந்தப் பணிவு அவளை இன்னும் எரிய வைத்தது. அடித்தால் வாங்கிக்கொள்கிறான், சொன்னால் வெட்டுகிறான், வா என்றால் வருகிறான். இவனுக்கென்று ஒரு சொல்லும் கிடையாதா? அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அக்கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகும் ஆற்றுப் பாலத்தில் ஏறினாள்.

தாமிரபரணியில் தண்ணீர் அணையைத் தொட்டுக்கொண்டு போனது. பாலத்தின் நடுவில் அவன் மெல்லச் சொன்னான்: "யக்கா, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டேன். சொல்லாமப் போனா நல்லாருக்காதுலா. அவரு சோத்தத் தின்னுருக்கேன்."

"என்ன சொன்ன?"

"இன்னைக்கு ஸ்ரீவைகுண்டத்துல சரண்டர் ஆவப் போறேன், ஒங்க பேர எங்கயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்கன்னு. பெயில் எடுத்து விடுதேன்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் முனையில், பஸ்ஸுக்குப் பின்னால், வெள்ளைக் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எதிர்முனையில் ஒரு போலீஸ் ஜீப் குறுக்காக வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவரின் கை இடுப்புக்குப் போயிருந்தது. காரும் ஜீப்பும் ஒரே நேரத்தில் எப்படி வந்தன என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெய்சன் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தான். குதித்துவிடுவான் போலிருந்தது. குதித்தால் ஓடினான் என்பார்கள், சுட்டோம் என்பார்கள்.

டெபோரா கத்தினாள். வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல் அது.

"எல்லாரும் இங்கன பாருங்க! இவன் பேரு ஜெய்சன்! கூலி வாங்கிட்டு தாஜ் முகம்மதுவ வெட்டிக் கொன்னவன்! நான் இவன் கூடப் பொறந்த அக்கா! கோர்ட்ல ஒப்படைக்கக் கூட்டிட்டுப் போறேன்! இவன் கையில ஒரு ஆயுதமும் கிடையாது! பாருங்க, போனை எடுங்க, படம் பிடிங்க!"

"யக்கா, வேண்டாம்க்கா" என்று அவன் முனகினான். அவள் நிறுத்தவில்லை. நடந்துகொண்டே அதையே திரும்பத் திரும்பக் கத்தினாள். பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பாதயாத்திரைக்காரர்கள் காவடியைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள். போன்கள் ஒன்றொன்றாக உயர்ந்தன. இத்தனை நாளும் பள்ளியிலும் சர்ச்சிலும் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று தொண்டைக்குள் அமுக்கி வைத்திருந்ததை அவள் ஊரறியக் கூவிக்கொண்டு போனாள். வெட்கம் எங்கோ பின்னால் விழுந்து கிடந்தது. ஜீப்பருகே போனதும் இடுப்பில் கை வைத்தவரின் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்: "கூட வரணும்னா வாங்க சார். பின்னால வாங்க." சுற்றிலும் நீண்டிருந்த போன்களை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கையை எடுத்தார். வெள்ளைக் கார் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டோடு ஞானசௌந்தரி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ஸமீஹா. இத்தா முடியும் முன் வாசல் தாண்டி, ஆட்டோ பிடித்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள். டெபோரா அவளைப் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டவள்போல, "அதுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றாள். பிறகு ஜெய்சனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். காய்ந்த மோர்க்கறை, கலைந்த திருநீறு.

"இவனா?" என்றாள். "இவனா அவ்வோ கழுத்துல வெட்டுனது? ஒரு நாளைக்கு எத்தன வாட்டி இவன் மூஞ்சிய நெனச்சு நெனச்சு சாபம் விட்ருக்கேன். என்ன இது, ஒண்ணுமில்லாத மூஞ்சியால்லா இருக்கு."

ஜெய்சன் தலையைத் தொங்கப் போட்டான்.

"தலையத் தூக்குல" என்றாள் டெபோரா.

"ஒன் பேரு எனக்குத் தெரியும்" என்றாள் ஸமீஹா. "ஒன்ன அனுப்புனவன் பேர நீ சொல்லணும். உள்ள போயிச் சொல்லு."

வழக்கைக் கூப்பிட்டதும் ஞானசௌந்தரி அவனை உள்ளே கூட்டிப்போனாள். வராந்தா ஜன்னலருகே டெபோரா நின்றாள். ஒரு கையகலம் தள்ளி ஸமீஹா நின்றாள். ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. டெபோராவுக்குத் தொண்டை கிழிந்து எரிந்தது. உள்ளே மேலே ஓடிய மின்விசிறியின் இரைச்சலில் மாஜிஸ்திரேட் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. பெயர், அப்பா பெயர், ஊர். ஜெய்சன் முணுமுணுத்தான், உரக்கச் சொல்லச் சொன்னார்கள், சொன்னான். பிறகு மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வேற எதாவது சொல்லணுமா?"

ஜெய்சன் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். அக்காவை அல்ல, அவளைத் தாண்டி வெள்ளைச் சேலையைப் பார்த்தான். மறுபடி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண், பத்து விரல்களையும் விசைகளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.