பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கார்

சிவசாமி கோடிச் சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரலாமா, வந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிற நிற்பு. திலகவதி அவனைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பாராதவளாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் மறுபடி கையை வைத்தாள். கண்ணாடிக்குக் கீழே அவள் புருஷன் மலையாண்டி கிடந்தார். ஆஸ்பத்திரித் தையல் தெரியாமலிருக்க நெற்றி முழுக்க விபூதி. மீசையை மட்டும் யாரோ அக்கறையாகச் சீவிவிட்டிருந்தார்கள்.

“ஒங்க தம்பி வந்து நிக்கிறாப்ல அண்ணி” என்று காதருகே சொன்னாள் பரிமளா, மலையாண்டியின் தங்கை. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“நிக்கட்டும்.”

பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் மழை, கடலை விலை, போர்வெல் என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எல்லார் கண்ணும் சிவசாமிமேல்தான். சாவு வீட்டில் ஒரு சந்தேகம் கிளம்பினால் போதும், டீத் தம்ளருக்கு முன்னால் அது பந்தலைச் சுற்றி வந்துவிடும்.

அதைக் கிளப்பியது மகன் கோபிநாத். ஓசூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்தவன், காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த அப்பாவின் காரைப் பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் அம்மாவைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னான்.

“வண்டி ரெண்டா கெடக்கும்மா. நடுவுல அறுத்த மாதிரி. வெள்ளை பெயிண்ட் உரிஞ்ச எடத்துல பாத்தேன். முன் பாதி மெரூன் கலரு, பின் பாதி பச்சை. ரெண்டு வண்டிய வெட்டி ஒண்ணா ஒட்டிருக்கானுங்க. இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு தலைமுழுகுன வண்டின்னு ஏட்டு சொல்றாரு.”

“அப்புடின்னா?”

“இனி இது ரோட்டுக்கு ஆகாது, எடைக்குப் போட வேண்டியதுதான்னு கம்பெனியே கைவிட்டது. அத எவனோ எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு வித்துருக்கான். மாமா அதக் கொண்டாந்து அப்பா தலையில கட்டிருக்காரு. வண்டி புரோக்கருக்கு இதுகூடவா தெரியாது?”

தெரியாமல் இருக்காது. விராலிமலையில் சிவசாமி கைபடாமல் ஒரு பழைய வண்டி கைமாறியதில்லை. பானட்டைத் திறக்காமல், சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தே எந்தக் கதவு மாற்றியது, எந்தக் கதவு கம்பெனிக் கதவு என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் அக்கா புருஷனுக்கு இதைப் பிடித்துக் கொடுத்தான் என்றால் அதற்கு என்ன பேர்? காலையிலிருந்து திலகவதி இதையே மென்றுகொண்டிருந்தாள்.

சந்தேகம் அவளுக்குப் புதிதில்லை. பால்காரனை நம்ப மாட்டாள், கேஸ்காரனை நம்ப மாட்டாள், தன் வீட்டுக் கடிகாரத்தையே பக்கத்து வீட்டில் ஒரு தடவை விசாரித்துக்கொள்வாள். ஆனால் அந்தக் கார் வந்த இந்த இரண்டு வருடமும் அவள் சந்தேகப்பட்டது புருஷனைத்தான்.

மலையாண்டி மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வாலிப வயதில் ஒரு கான்ட்ராக்டரின் கான்டெஸா காரைத் தினமும் கழுவித் துடைத்தாராம். ஒரு நாளும் உள்ளே உட்காரவிட்டதில்லையாம். அந்த ஏக்கம் மனுஷரைப் பாலைவனம் வரை துரத்திப் போய், திரும்பக் கூட்டி வந்திருந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றவில்லை, கொல்லைக்குச் சுவர் வைக்கவில்லை, முதலில் வந்தது வெள்ளைக் கான்டெஸாதான். வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, திலகவதி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

“எறங்கு எறங்கு. நீ ஏறுனா ஸ்பிரிங் படுத்துரும்” என்றார்.

தெருவே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அவள் உடம்பு கொஞ்சம் பூசினாற்போலத்தான். அதற்காக இப்படியா? அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. ஏ.சி. இல்லை, ஒனக்கு மூச்சு முட்டும். பெட்ரோல் வாடை ஒனக்கு ஒத்துக்காது. நீ பஸ்ல போயிரு, நான் பின்னாடியே வாரேன்.

சொன்னபடி பின்னாலேயே வருவார். அதுதான் கூத்து. புதுக்கோட்டைக்கு அவள் பஸ்ஸில் போனால், பஸ்ஸுக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கார் காலியான முன்சீட்டோடு உருண்டு வரும். அதற்குப் பஸ்ஸிலேயே ஏறித் தொலைக்கலாம். அதுவும் மாட்டார், காரை விட்டு இருக்க முடியாது. பஸ்ஸில் இருக்கும் பெண்கள், “என்ன மதினி, அண்ணன் ஒங்கள வேவு பாக்குறாரா?” என்று கேலி செய்வார்கள். கூசிப்போகும். அந்த முன்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கிழிக்கவில்லை. யாருக்காக வைத்திருக்கிறார்? ஒரு நாள் அவர் தூங்கும்போது சாவியை எடுத்துப் போய் அந்த சீட்டை மோந்துகூடப் பார்த்தாள். பூ வாசம் இல்லை. அதனால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை.

நேற்றும் அப்படித்தான். கீரனூரில் ஒரு காதுகுத்து. குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பின் கண்ணாடியில் வெள்ளைக் கார் தெரிந்துகொண்டே வந்தது. வழியில் ஒரு புளியமரத்து வளைவு தாண்டியதும் தெரியவில்லை. அவளுக்கு என்ன தோன்ற வேண்டும்? மனுஷன் எங்கேயோ திரும்பிவிட்டார் என்று தோன்றியது. யார் வீட்டுக்கோ போய்விட்டார் என்று தோன்றியது. வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். பந்தியில் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆள் வந்தது. வளைவுப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கார் நடுவில் விட்டுப்போய், முன் பாதி மரத்தில் போய் மோதியிருந்தது. அந்தப் பாயசத்தின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. வாயைக் கொப்பளித்தும் போகவில்லை.

“நேரமாகுதப்பா” என்று எழுந்தார் பழனிச்சாமி. பங்காளிகளில் மூத்தவர். காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். “நீர்மாலை வந்துருச்சு. பொறந்த வீட்டுக் கோடிய வரச் சொல்லுங்க. அது விழுந்தாத்தான் எடுக்க முடியும்.”

திலகவதிக்கு அப்பாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது சிவசாமி ஒருத்தன்தான். இன்றைக்கு அவன் சேலையைத் தோளில் வாங்கினால் நாளைக்கு நல்லது கெட்டதுக்கு ஒரு வாசல் உண்டு. வேண்டாம் என்று தள்ளினால் அந்த வாசல் அடைந்தது அடைந்ததுதான். அப்புறம் அவள் செத்தாலும் அவன் வர முடியாது. ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் அவளுக்கும் தெரியும்.

சிவசாமி பந்தலுக்குள் கால் வைத்தான். கோபிநாத் குறுக்கே போய் நின்றான்.

“எங்க வாரீங்க?”

“மாப்ள, அக்காவுக்குக் கோடி…”

“எங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது பத்தாதா?”

நாலு பேர் கோபிநாத்தைப் பிடித்துக்கொண்டார்கள். திலகவதி தூணைப் பிடித்து எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

“நீ இருப்பா. நான் கேக்குறேன்” என்றாள் மகனிடம். தம்பிக்கு நேரே வந்து நின்றாள். “ரெண்டு வருசமாச்சு அந்தச் சனியன் வந்து. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீ அதுல ஏறுனியாடா? போன ஐப்பசில அப்புடிக் கொட்டுச்சு மழை. மச்சானோட கார்ல போயேன்டான்னேன். நனைஞ்சுக்கிட்டே பஸ் ஸ்டாப்புக்கு ஓடுன. ஏன் ஓடுன? சொல்லு! ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் ஏறல. ஒன் உசுரு ஒனக்கு வெல்லம். எம் புருசன் உசுரு?”

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டான்.  பையின் காதை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினான்.

“பேசுறானா பாருங்க! ஒங் கோடி எனக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போயிரு.”

 பழனிச்சாமி சட்டென்று தப்பு அடிக்க வந்தவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். வீட்டு அசிங்கம் வெளியே கேட்கக் கூடாது என்றால் அவருக்குத் தெரிந்த வழி அதுதான். தப்பு முழங்க ஆரம்பித்தது.

பரிமளா அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிய தொண்டையோடு காதில் சொன்னாள்: “அவரை ஏன் அண்ணி கேக்குறீங்க… எங்கண்ணன் யாரைத்தான் ஏத்துச்சு? பெத்த பிள்ளை லீவுல வந்தப்பவும் ஆட்டோல போகச் சொல்லுச்சு. ஒங்களையே ஏத்தலையே.”

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். 

திலகவதிக்கு அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. சிவசாமி ஓடியது மட்டுமில்லை. வாசலில் கார் பக்கத்திலேயே மலையாண்டி நின்றிருந்தார். சாவி கையில் இருந்தது. வா மாப்ள, விட்டுட்டு வாரேன் என்று அவர் சொல்லவில்லை. மச்சினன் நனைந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்பிரிங் படுத்துவிடும் என்றது. பெட்ரோல் வாடை என்றது. கிழிக்காத பிளாஸ்டிக் உறை. சாக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி நின்றன.

தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். தப்புச் சத்தத்தில் அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“அவருக்குத் தெரியுமாடா?”

சிவசாமி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். ஊர் முன்னால் திருடனாக நின்றபோது வராத அழுகை இப்போது வந்துவிட்டது.

“தெரியும்க்கா. மச்சான்தான் அடியில படுத்துப் பாத்து, ஒட்டுன எடத்த எனக்கே காட்டுனாரு. டோட்டல் லாஸ் வண்டி மச்சான், வேணாம், நல்ல வண்டியா வேற பாப்போம்னேன். கேக்கல. நல்ல கான்டெஸா வெலைக்கு நம்ம எங்க போறதுன்னாரு.”

“அப்பறம்?”

“நான் மட்டுந்தானே மாப்ள ஏறப்போறேன்னாரு. ஒங்கக்காட்ட சொல்லிராத, அப்பறம் என்னைய ஓட்டவிட மாட்டான்னாரு.”

“நீயும் சொல்லல.”

“சொல்லிருக்கணும்க்கா.”

திலகவதி திரும்பி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பத்திரமாக என்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு உம்மைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா? ஆத்திரமாக வந்தது. அதற்குக் கீழே வேறொன்றும் வந்தது. அதை அவள் வெளியே விடவில்லை.

“அம்மா, என்ன சொல்றான் அந்தாளு?” கோபிநாத் திமிறினான்.

“ஒண்ணும் சொல்லல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மாமாவ அப்புடிப் பேசாத. மாமாவுக்கு வழிய விடு.” தம்பிக்கு முன்னால் கழுத்தைக் குனிந்தாள். “போடு.”

சிவசாமி சேலையைப் பையிலிருந்து எடுத்தான். சேலை மடிப்பு பிரியாமலே அவள் தோளில் விழுந்தது. என்ன நடந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. அக்கா தம்பி, அடித்துக்கொண்டால் என்ன, சேர்ந்துகொள்ளத்தானே செய்யும் என்று யாரோ சொன்னார்கள். பழனிச்சாமி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

பொழுது சாயத் தூக்கினார்கள். பெண்களுக்குத் தெருமுனை வரைதான். ரோட்டில் குன்றாண்டார்கோவில் பஸ் வந்து, ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். ஜன்னலோரம் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அமரர் ஊர்தி சுடுகாட்டுப் பாதையில் இறங்கியது. பின்னால் கோபிநாத் கொள்ளிச்சட்டியோடு நடந்தான். கொஞ்சம் தள்ளி, தனியாக, சிவசாமி போனான்.

தப்புச் சத்தம் தேய்ந்ததும் டிரைவர் பஸ்ஸை எடுத்தார். அது திலகவதியை உரசினாற்போல மெதுவாகக் கடந்து போனது. பெண்கள் தலை முழுகத் திரும்பினார்கள்.

“வாங்க அண்ணி” என்று பரிமளா கையைப் பிடித்தாள்.

“இரு வாரேன்.”

பஸ் போய்விட்டது. திலகவதி கோடிச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பஸ் வந்த திசையில், அதற்குப் பின்னால் காலியாகக் கிடந்த ரோட்டையே பார்த்தபடி நின்றாள்.