புழு தின்ற முள்சீதா

ரெத்தினதாஸின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. தாமதிக்காமல் திருவனந்தபுரம் போய் அறுத்து எடுத்துவிடச் சொன்னார் நெய்யாற்றின்கரை டாக்டர். கத்தி என்றாலே மனுஷனுக்குப் பாதி உயிர் போய்விடும். முள்சீதா இலைக் கஷாயம் கட்டியைக் கரைக்கும் என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்ப, அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் மரம் நின்றது. தினமும் பன்னிரண்டு இலை.

“மரத்துல இலை தீரட்டு, பிறவு ஆசுபத்திரிக்கு வாறேன்,” என்றார் மனைவி சரோஜத்திடம்.

மரத்தில் இலை எந்தக் காலத்தில் தீரும்? இரண்டு மாதத்தில் நெல்லிக்காய் எலுமிச்சை ஆனது. சரோஜம் அழுதாள், போதகரை விட்டும் சொல்லிப் பார்த்தாள். கல்லில் நார் உரித்த கதைதான்.

அப்போதுதான் புழுக்கள் வந்தன. மாவு பூசிய வெளிர்பச்சை, பெருவிரல் தடிமன். வாய் ஓயாமல் தின்றன.

“மருந்து தெளியுங்க சரோஜக்கா, மரம் மொட்டையாயிரும்,” என்று பக்கத்து வீட்டு லேகா ஒரு குப்பி வேப்பெண்ணெய் தந்தாள். சரோஜம் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். புருஷன் பிடிவாதக்காரர்தான், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார். அதை மட்டும் நம்பினாள்.

ஒரு காலையில் வெறுங்கையோடு வந்து, “இலை தீந்துபோச்சு,” என்றாள். அவர் போய்ப் பார்த்தார். மிஞ்சிய ஒன்றிரண்டு இலைகளையும் புழுக்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக் கூடாக்கியிருந்தன. ஒரு மொட்டைக் கிளையை வளைத்துப் பார்த்துவிட்டு, “ஆட்டோ விளி,” என்றார்.

அறுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

கழுத்தில் கட்டோடு அவர் வீடு திரும்பிய வாரம், துளிர்விட்ட மரத்தில் ஒரு கூடு திறந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்குச் செங்கல் நிறப் பூச்சி. இறக்கை நுனியில் பாம்புத் தலை போல ஒரு வடிவம்.

“நாகசலபமாக்கும், அந்தப் புழுதான் இப்பிடி ஆச்சு. இதுக்கு வாய் கெடையாது. ஒண்ணும் தின்னாது, ஒரு வாரந்தான் உயிரு. நான் தந்த வேப்பெண்ணெய்க்கும் தப்பிருச்சே,” என்றாள் லேகா.

தின்ன வேண்டியதைத்தான் முன்பே தின்று தீர்த்துவிட்டதே என்று சரோஜம் நினைத்துக்கொண்டாள். ஆண்டவருக்குச் சொன்ன நன்றியில் ஒரு பங்கை மனசுக்குள் அதற்கும் சொன்னாள்.

லேகா போனதும், “அவ தந்த எண்ணெய் எங்க?” என்றார் ரெத்தினதாஸ்.

“பானைக்குப் பின்னால உண்டு,” என்றாள் தலை குனிந்தபடி. “மூடி திறக்கல்ல.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, தளிரின் அடியில் முட்டைகளை முதலில் கண்டது அவர்தான். சரோஜத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அந்தக் குப்பியத் திருப்பிக் குடுத்திரு,” என்றார். “நல்லாத் தின்னட்டு.”