ப்ரவுட்டி ஜாடித்தூக்கி

ஆல்வா ப்ரவுட்டியின் பெயரில் ஆறு காப்புரிமைகள் இருந்தன. அதில் ஐந்தை உலகத்தில் ஒரு ஜீவனும் பயன்படுத்தியதில்லை, ஆல்வாவையும் சேர்த்து. பக்கத்து வீட்டுத் தோட்டத்தைக் கிளறாமல் இருக்கக் கோழிக்கு மாட்டும் துணிச் செருப்பு ஒன்று. குடைப்பிடிக்குள் மடக்கி வைக்கும் ஈ விசிறி ஒன்று. கோயிலில் பிரசங்கத்தின்போது தூங்கி விழாமல் தாடையைத் தாங்கும் தோல்வார் ஒன்று. அதை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்த நாளிலிருந்து பாதிரியார் அவரோடு பேசுவதில்லை. மிச்சம் இரண்டையும் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன்.

ஆறாவதுதான் பேர் வாங்கியது. கொதிக்கிற அண்டாவிலிருந்து தக்காளியும் பீச் பழமும் அடைத்த கண்ணாடி ஜாடியைக் கை சுடாமல் தூக்குகிற கம்பிப் பிடி. ஜாடியின் கழுத்தில் மாட்டித் தூக்கினால் போதும், கனம் ஏற ஏறப் பிடி தானே இறுகும். இந்தியானாவில் மில்பர்ன் ஊரைச் சுற்றி அறுபது மைலுக்கு அது இல்லாத அடுப்படி கிடையாது. கண்டுபிடித்தவர் திருவாளர் ஆல்வா ப்ரவுட்டி என்று சிவப்பு முத்திரை குத்தி, நீல நாடா கட்டி, அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்தது.

அந்தத் திருவாளர் பிறந்ததிலிருந்து ஒரு ஜாடிக்கு மூடி போட்டதில்லை. தண்ணீர் கொதிக்கிறதா இல்லையா என்பதையே சத்தத்தை வைத்துத்தான் சொல்வார், அதுவும் தப்பாகச் சொல்வார்.

செய்தது அவர் மனைவி ஐடெல்லா. 1906 ஆகஸ்டில் ஒரு ஜாடி கரண்டியிலிருந்து நழுவி அண்டாவில் விழுந்து, வெந்நீர் அவள் வலது கை முழுக்கக் கொட்டியது. மூன்று வாரம் கட்டு. கட்டைப் பிரித்தபோது தோல் வந்திருந்தது, ஆனால் சுண்டுவிரல் மடங்கினது மடங்கினதுதான், நிமிரவே இல்லை. தக்காளி காத்திருக்குமா? தோட்டத்தில் பழுத்துக் கொட்டுகிறது. அவள் வேலிக்கம்பியில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து குறட்டால் வளைக்க ஆரம்பித்தாள். முதலில் வளைத்த பதினொன்றும் குப்பைக்குப் போயின. பன்னிரண்டாவதாக வளைத்தது ஜாடியைப் பிடித்துக்கொண்டது. ஆல்வா அப்போது கொல்லையில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தார், கால் அளவு எடுக்க.

பக்கத்து வீட்டு ஆட்டிலி பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கொண்ணு வளைச்சுக் குடுங்களேன்" என்றாள். பிறகு அவள் நாத்தனார் கேட்டாள். பிறகு கோயில் மாதர் சங்கம் முழுக்கக் கேட்டது. ஊர்ப் பெண்களெல்லாம் வாசலில் வந்து நிற்பதை ஆல்வா ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் சட்டை மாற்றிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"ஐடெல்லா, இதை நாம பதிவு பண்ணிடணும்."

அந்த 'நாம' அதோடு சரி. பாரத்தில் வழக்கம்போலத் தன் பெயரையே எழுதினார். 'இதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான், நான் ஒருவனே' என்று அதில் ஒரு சத்தியம் இருக்கும். ஐந்து தடவை போட்ட கையெழுத்து, ஆறாவது தடவை படித்தா பார்ப்பார்?

"ஏங்க, என் பேரைப் போடக் கூடாதா?" என்றாள் ஐடெல்லா.

"வீடு யார் பேர்ல இருக்கு? வண்டி யார் பேர்ல இருக்கு? எல்லாம் ஒரு பேர்ல இருந்தாத்தான் வில்லங்கம் இல்லாம இருக்கும். ப்ரவுட்டி ஜாடித்தூக்கின்னுதானே போடப் போறாங்க? நீ ப்ரவுட்டி இல்லையா?"

அவள் மாவு பிசையத் திரும்பினாள். பாரத்தோடு அனுப்பும் வரைபடத்தின் மூலையில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. ஒன்று நாவிதர் ரூஃபஸ் போட்டார். இன்னொன்றுக்கு ஆள் தேடி வெளியே போவானேன் என்று ஆல்வா தாளை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குச் சாட்சி?"

"நான் கையெழுத்துப் போட்டேன்ல, அதுக்கு."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவனையாவது மன்னிக்கலாம். இவர் நெய்யும் அவளுடையது, கையும் அவளுடையது என்று சாப்பிட்டவர்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ரூஃபஸின் சவரக்கடையில் அந்தக் கதை ஓடியது. முதல் வருடம், மனைவி சிரமப்படுவதைப் பார்த்து மனசு தாங்காமல் ஆல்வா யோசித்தார். மூன்றாம் வருடம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தார். ஐந்தாம் வருடம் சொப்பனத்தில் கம்பி தானாக வளைந்தது. "போன தடவை சொப்பனம் இல்லையேப்பா" என்று ரூஃபஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டால், "எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிட முடியுமாடா?" என்பார். தானியக் கிடங்கில் எடை போடும் வேலையை விட்டுவிட்டார். கண்டுபிடிப்பாளருக்கு எடை போடுவது கௌரவமா? ஊர்க் கொல்லன் தூக்கிகளை வளைத்துக் கொடுத்தான், ஆல்வா சந்தைச் சந்தையாகப் போய் விற்றார். ஐடெல்லாவுக்கு மனசுக்குள் வெந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் குடும்பம் நடக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

1913-இல் ஃபோர்ட் வெய்னில் குரோஃப்ட் என்றொரு கம்பிச் சாமான் கம்பெனி அதே தூக்கியைப் பெட்டி பெட்டியாகச் செய்து விற்க ஆரம்பித்தது. கொஞ்சம் அவர்கள் விற்றால் கொஞ்சம் நாம் விற்போம் என்று இருந்திருக்கலாம். கம்பெனிக்காரனே ஒரு தொகை தந்து சமாதானமாகப் போகலாம் என்று கடிதம் போட்டான். ஆல்வா கேட்பாரா? வழக்குப் போட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

இந்தியானாபொலிஸ் கோர்ட்டுக்குப் போகிற ரயிலில் ஆல்வாவின் வக்கீல் பர்க்ஹால்ட்டர் ஐடெல்லாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பாருங்கம்மா, சட்டம் ஒரே வரிதான். காப்புரிமை உண்மையிலேயே கண்டுபிடிச்சவங்க பேர்லதான் இருக்கணும். வேற ஆள் பேர்ல இருந்தா அது வெறும் காகிதம். அந்தப் பக்கத்து வக்கீல் அதைத்தான் தோண்டப் போறார். உங்களை ஒரே கேள்விதான் கேப்பேன். உங்க வீட்டுக்காரர் சமையல்கட்டு மேசையில உக்காந்து செஞ்சதைப் பாத்தீங்களான்னு. பாத்தேன்னு சொல்லிடுங்க."

"நான் உண்மையைச் சொன்னா?"

"காப்புரிமை போயிடும். யார் வேணும்னாலும் செய்யலாம், விக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அப்புறம் என் பேர்ல வாங்க முடியாதா?"

"பொது உபயோகத்துக்கு வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும். உங்க தூக்கி ஏழு வருஷமா ஊர் முழுக்க இருக்கும்மா."

ஆல்வா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "என் மானம் உன் கையிலதான் இருக்கு, ஐடெல்லா."

ரயிலிலிருந்து இறங்குவதற்குள் அவள் முடிவு பண்ணிவிட்டாள். பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொல்வது பாவம்தான். ஆனால் வீட்டுக்குச் சோறு போடுகிற ஒரே பொருள் அது. பெயர் போனது போனதாக இருக்கட்டும், பொருளாவது வீட்டில் இருக்கட்டும். 'பாத்தேன்' என்று ஒரு வார்த்தை. சொல்லித் தொலைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

முதலில் ஆல்வா கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் சீலி மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். மேசையில் வெந்நீர் நிறைந்த அண்டா, அதற்குள் ஒரு ஜாடி.

"உங்க சொந்தக் கண்டுபிடிப்பு. கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன், ஐயா."

ஆல்வா கோட்டுக் கையை மடித்துக்கொண்டு தூக்கியைத் தலைகீழாகப் பிடித்து ஜாடியின் வயிற்றில் மாட்டினார். ஜாடி ஒரு அங்குலம் எழுந்தது, திரும்ப உள்ளே விழுந்தது. குமாஸ்தாவின் காகிதமெல்லாம் நனைந்தது. ஐடெல்லாவுக்கு எழுந்து போய் அதைப் பிடுங்கி மாட்ட வேண்டும் போலக் கை பரபரத்தது.

"பரவாயில்லை," என்றார் சீலி. "பிடியோட நுனியில ஒரு சின்ன வளைவு இருக்கு. வரைபடத்துலயும் இருக்கு. அது எதுக்கு?"

ஆல்வா தூக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு வருடம் விற்ற பொருளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது மாதிரி இருந்தது.

"அழகுக்கு," என்றார்.

"அழகுக்கு," என்று சீலியும் சொல்லிக்கொண்டார், குமாஸ்தா எழுதட்டும் என்று. "சரி, இதைச் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

பர்க்ஹால்ட்டர் சொல்லிக் கொடுத்த பதில் இரண்டு வரி. ஆனால் ரூஃபஸ் கடையில் ஏழு வருடம் பேசிப் பழகிய வாய் இரண்டு வரியோடு நிற்குமா? தவளை தன் வாயால்தானே கெடும்.

"அதை ஏன் கேக்கறீங்க. 1906 ஆகஸ்ட். அடுப்படியில நான்தான் ஜாடியைத் தூக்கினேன். நழுவிடுச்சு. கொதிக்கிற தண்ணி அப்படியே இந்தக் கையில. மூணு வாரம் கட்டு. ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது. அந்த வலியிலதான் யோசிச்சேன், இந்த வேதனை வேற எந்தப் பொம்பளைக்கும் வரக் கூடாதுன்னு."

வலது கையை உயர்த்திக் காட்டினார். குழந்தைக் கை மாதிரி வழவழவென்று இருந்தது. "நல்லா ஆறிப்போச்சு," என்று அவரே சேர்த்துக்கொண்டார். சொல்லும்போது கண் வேறு கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. தனக்குத்தான் வெந்தது என்று மனிதர் நம்பியே விட்டார்.

ஐடெல்லா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். பெயரைத் தூக்கிக் கொடுத்தாள், பேசாமல் இருந்தாள். கதையை எடுத்துக்கொண்டார், அதற்கும் பேசாமல் இருந்தாள். அந்த மூன்று வாரமும் பக்கத்து அறையில் குறட்டை விட்டவர் இப்போது வலியையும் எடுத்துக்கொண்டார்.

அவளைக் கூப்பிட்டார்கள். பைபிள் மேல் கை வைத்தாள்.

"மிஸஸ் ப்ரவுட்டி," என்றார் பர்க்ஹால்ட்டர், "உங்க வீட்டுக்காரர் இதைச் செஞ்சதை உங்க சமையல்கட்டுல பாத்தீங்களா?"

"அவரை நான் சமையல்கட்டுல பாத்ததே இல்லைங்க. தண்ணி குடிக்கக்கூடக் கூப்பிட்டுத்தான் குடுக்கணும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பர்க்ஹால்ட்டர் வேறு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். சீலி எழுந்து வரைபடத்தை நீட்டினார்.

"சாட்சின்னு உங்க கையெழுத்து இருக்கே, அம்மா. எதுக்குச் சாட்சி?"

"அவர் கையெழுத்துப் போட்டதுக்கு."

"கண்டுபிடிச்சதுக்கு இல்லையா?"

"அதுக்குச் சாட்சி யாரும் கிடையாது. நான் மட்டும்தான் இருந்தேன்."

"அந்த வளைவு எதுக்குன்னு தெரியுமா?"

அவள் தூக்கியை வாங்கிக் கையில் பிடித்தாள். நிமிராத சுண்டுவிரல் அந்த வளைவுக்குள் போய் உட்கார்ந்தது. அண்டாவில் விட்டாள், எடுத்தாள், ஜாடியை நீதிபதியின் மேசைமேல் வைத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்த விரல் மடங்கிப்போச்சுங்க. வைக்க இடம் வேணும்ல. அதுக்குத்தான் வளைச்சேன். அந்த அளவையே பாத்து எல்லாருக்கும் வளைச்சுக் குடுத்தேன். நல்ல விரல் இருக்கறவங்க ஏன்னு கேக்கலை."

திரும்பி வருகிற ரயிலில் ஆல்வா, "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்," என்றார்.

"அதைத்தாங்க சொல்ல வந்தேன். நீங்க என் கையையும் உங்களுதுன்னு சொல்லிட்டீங்க."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். உண்மையாகவே அவருக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

அக்டோபரில் தீர்ப்பு தபாலில் வந்தது. பதினான்கு பக்கம். ஆல்வா தொட மாட்டேன் என்று விட்டார். ஐடெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். பதினோராம் பக்கத்தில் இருந்தது: 'இச்சாதனத்தின் முதல், அசல், ஒரே கண்டுபிடிப்பாளர் திருமதி ஐடெல்லா ப்ரவுட்டி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. ஆகவே இக்காப்புரிமை செல்லாது. இதைச் செய்யவும் விற்கவும் எவருக்கும் உரிமை உண்டு.'

அவள் அந்த இடத்தைத் திரும்பவும் படித்தாள், இந்தத் தடவை ஆல்வாவுக்குக் கேட்கிறமாதிரி.

"இதுல உனக்கு என்ன கிடைச்சுது, சொல்லு," என்றார் ஆல்வா. தானியக் கிடங்கில் வேலை திரும்பக் கேட்கப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. ஃபோர்ட் வெய்ன்காரனுக்குக் கொண்டாட்டம்."

"நீங்க செஞ்சதுன்னு இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தாருங்க," என்றாள் ஐடெல்லா. "நான் செஞ்சதுன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச நாள்லருந்து அது யாருக்கும் சொந்தமில்லை."

பதினோராம் பக்கத்தை மட்டும் கவனமாகக் கிழித்து பைபிளுக்குள் வைத்தாள். மிச்சப் பதின்மூன்று பக்கத்தையும் அடுப்பு மூட்டக் கொண்டுபோனாள்.