கார் நின்ற இடம்

பேருந்து அவர்களை முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போனதும் பர்யோனோ தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள் காலடியில் கிடந்தன. மறுநாள் நோன்புப் பெருநாள். ஜகார்த்தாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் கார்கள் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. யார் கண்ணிலும் படாமல் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே சுகினோ. ஜகார்த்தாவில் பர்யோனோவைப் போலவே தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்கிறவன். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே தெரு.

"என்னடா, மொதலாளி பஸ்ஸுல வந்திருக்காரு?"

பர்யோனோ பதில் தேடுவதற்குள் அவன் மனைவி யாத்மி பின்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். "பெட்டிய மடியிலயே வெச்சுக்கறேன் அண்ணே. சீட்டுல கீறல் விழுந்தா வாடகையோட சேத்துப் புடிச்சுக்குவாங்கல்ல?" என்றாள். சுகினோ கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. பெருநாளுக்கு வருகிறவன் ஜகார்த்தா எண்பலகை மாட்டிய காரை வாசலில் ஒரு வாரம் நிறுத்தினால்தான் அவன் பிழைத்துவிட்டான் என்று பொருள். போன வருடம் தெருவில் நின்ற மூன்று கார்களின் கண்ணாடியிலும் ஒரே மாதிரி எலுமிச்சை வாசனைப் பொம்மை தொங்கியது. மூன்றும் ஒரே வாடகைக் கார்க்காரனுடையவை. அதில் ஒன்று பர்யோனோ எடுத்து வந்தது. அந்தக் காரைத் துடைத்துத் துடைத்தே அவனுடைய விடுமுறை கழிந்தது.

அதற்குப் பிந்தைய கோடையில்தான் யாத்மி மாமியாரிடம் போனில் ஆட்டைப் பற்றி விசாரித்தாள். வெள்ளைக் காது வைத்த ஆடு. அவளுக்குப் பிடித்தமானது. தண்ணிக்காக வித்தாச்சு என்றாளாம் கிழவி, ஏதோ காய்கறி வாங்கியதைச் சொல்வதுபோல. மழை நின்று கிணறு வற்றிவிட்டால் அந்த ஊரில் லாரித் தண்ணீர்தான். ஆண்டுதோறும் ஓர் ஆடு லாரிக்காரன் கைக்குப் போகும். மகன் காரில் வந்துபோன வருடமும் அதுதான் நடந்தது. போனை வைத்துவிட்டு யாத்மி வெகுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அடுத்த பெருநாளுக்குக் கார் வேண்டாம் என்றாள். அந்தப் பணத்தில் மழைநீர்த் தொட்டி கட்டலாம். கையிலிருப்பதையும் சேர்த்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால், மழை முடிவதற்குள் நிரம்பிவிடும்.

பர்யோனோ அதற்கு எதிராகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தான். இந்தப் பெருநாளில் தங்கை நிங்கைப் பெண் கேட்டு வருகிறார்கள். வெறும் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? "வெறும் வாசல்னு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள் யாத்மி.

உண்மையில் வாசல் வெறுமையாக இல்லை. போன வருடம் கார் நின்ற அதே இடத்தில், ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது தொட்டி. கூரை விளிம்பிலிருந்து தகரக் குழாய் அதன் வாய்க்கு இறங்கியது. அம்மா அதன்மேல் துணி உலர்த்தியிருந்தாள். பெருநாள் காலையில் அவன் அம்மாவின் முழங்காலில் தலைவைத்து, அந்த வருடத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டபோது, அவள் வழக்கமான ஆசியை முடித்துவிட்டு, "தெனம் குளிக்கிறேன்டா" என்று அவன் காதருகே சொன்னாள். அவனுக்குத் தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

இருந்தும் பயம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளுக்காக, அவன் ரகசியமாக சுகினோவின் காரைக் கேட்டிருந்தான். சுகினோ கொண்டுவந்தான். ஆனால் தொட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் வண்டி உள்ளே நுழையவில்லை. முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தெரு ஓரத்தில், கழிப்பறைச் சுவரை ஒட்டி நிறுத்தினான். யாத்மி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா தர்சோ கறுப்புத் தொப்பி வைத்த, அதிகம் பேசாத மனிதர். தேநீரை ஆற்றியபடி அறையை அளந்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார்.

"போன வருஷம் கார் வெச்சிருந்தீங்கன்னு சொன்னாங்களே தம்பி. தெருவுல நிக்கறது உங்களுதா?"

ஆமாம் என்று சொல்ல அரை நொடி போதும். பர்யோனோவின் தலைகூட அசையத் தொடங்கிவிட்டது. கதவோரம் நின்ற நிங் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றது யாரென்று அவனுக்கே ஒரு கணம் புரியவில்லை. அவன்தான். "அது கூட்டாளியோடது. அவனுக்கும் வாடகை வண்டிதான். போன வருஷம் நான் கொண்டுவந்ததும் அப்படித்தான்."

யாத்மி வாழைப்பழத் தட்டைத் தர்சோவின் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திய தட்டையே அவள் மறுபடியும் மறுபடியும் நகர்த்துவதை அவன் பார்த்தான். இவ்வளவு மாதங்களும் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தப் பயத்தோடேயே பணத்தை அனுப்பியிருக்கிறாள்.

"இந்த வருஷம் வாடகைக் காச அவ தொட்டியா ஆக்கிட்டா" என்றான்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தாண்டி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே வாசலுக்குப் போய்த் தொட்டியை விரல் முட்டியால் தட்டினாள். எத்தனை மாசத்துக்கு வரும், பாசி பிடிக்காதா, கொத்தனார் யார், வெடிப்பு விட்டால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கக் கேட்க யாத்மி சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு பெண்களும் பின்கூரையின் தண்ணீர் குழாயில் சேரும் இடத்தைப் பார்க்க வீட்டின் பின்பக்கம் நடந்தார்கள். நிங்கும் மெல்ல அவர்கள் பின்னால் போனாள்.

தர்சோ தேநீரை முடித்தார். சம்மதமா இல்லையா என்று அவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வெளியே போய்ச் செருப்பைத் தேடுகிறவர்போல நின்றார். தெருவில் நிற்கும் காரை ஒருமுறை பார்த்தார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, செங்கல் அடுக்கின்மேல் ஏறித் தொட்டியின் மூடியை நகர்த்தினார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையை உள்ளே நுழைத்தார்.

பர்யோனோ ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹோ..." என்றார் தர்சோ, சின்னக் குரலில்.

உள்ளே நிறைந்திருந்த இருட்டுத் தண்ணீர் அதை வாங்கி, உருட்டி, இன்னும் ஆழமான குரலாக அவரிடமே திருப்பிக் கொடுத்தது. அவர் தலையை வெளியே எடுக்காமலேயே இன்னொரு முறை கூப்பிட்டார்.