அடுப்படிக்கு ரோஸ் நிறம்

தவசி மாமா ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துக் காதோரம் வைத்து விரல் கணுவால் தட்டினார். மண்பானை வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் வலப்பக்கம் வைத்தார். மந்தமாகக் கேட்டால் இடப்பக்கம். கடைக்காரர் சௌரிராஜன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல சோறா ஆக்கப் போறீங்க? சுவத்துல ஒட்டத்தானே?"

"ஒட்டுன பெறகு விரிசல் விட்டா நீங்களா வந்து பேத்துக் குடுப்பீக?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மனைவி பாண்டியம்மாள் இறந்ததிலிருந்து சிரிப்பு வருவதில்லை. அழுகையும் வரவில்லை. அலுவலகத்தில் முதலில் சிலர் அதைக் கவனித்தார்கள். இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது.

மாமா அவளுடைய அப்பா. செக்கானூரணிக்கு மேற்கே அவருக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விளாங்குடியில் நாங்கள் மனை வாங்கியபோது, "அடுப்படிச் சுவத்துக்குப் பீங்கான் டைல்ஸு நான் செய்யற சீரு. அதுல நீங்க கை வைக்கக் கூடாது மாப்ள" என்று சொல்லியிருந்தார். வீடு கட்டினால் பெண் பிறந்த வீட்டிலிருந்து சீர் வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அஸ்திவாரம் போட்டிருந்த சமயம் மஞ்சள் காமாலையில் அவள் போனாள். ஒரு மழைக்காலம் முழுக்கச் செங்கற்கள் நனைந்து கிடந்தன. பிறகு அம்மாவின் நச்சரிப்பில் சுவர் எழும்பியது, கூரை போட்டாயிற்று. அடுப்படி பூசி முடிந்த செய்தி எப்படியோ மாமாவின் காதுக்குப் போய், தல்லாகுளத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். "வேண்டாம் மாமா" என்றேன். மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். "அவளுக்குச் சொன்னது மாப்ள. ஆளு இல்லேன்னா சொன்ன சொல்லும் இல்லேன்னு ஆயிருமா?" என்றார்.

ஏன் வேண்டாம் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கு மறுபடி பெண் பார்த்து முடிவாகியிருந்தது. திருமங்கலத்துப் பெண், பள்ளி ஆசிரியை, பெயர் சோலையம்மாள். தை மாதம் கல்யாணம். அம்மா பேசி முடித்தாள். நான் தலையாட்டினேன். பெண் பார்க்கப் போனபோதும் தலையாட்டினேன், பஜ்ஜி நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கும் தலையாட்டினேன். செய்தி மாமாவின் ஊருக்கு இன்னும் எட்டவில்லை. நாமே நேரில் சொல்லிவிட வேண்டும், வேறு யார் வாயிலாகவும் அவர் கேட்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் டவுன்ஹால் ரோட்டுக்கு வரும்போதே சொல்லியிருக்கலாம். ஜன்னலோர இருக்கையை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தார்.

"என்ன கலரு?" என்று சௌரிராஜன் கேட்டார். வெள்ளை, நீலம், இளம்பச்சை, ரோஸ் நான்கையும் மேஜைமேல் பரப்பினார்.

மாமா என்னைப் பார்த்தார். "புள்ள என்ன கலரு சொன்னா மாப்ள?"

எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லியிருப்பாள். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, கட்டப்போகிற வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள் அடுப்படி நிறத்தைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு ம் கொட்டியிருப்பேன். எவ்வளவு யோசித்தும் அவள் குரலில் ஒரு நிறமும் வரவில்லை. வந்தது போன வாரம் அம்மா சொன்னதுதான். "திருமங்கலத்துப் புள்ள அடுப்படிக்கு ரோஸ் கலரு வைக்கச் சொல்லுச்சாம். வெள்ளைன்னா ஆசுபத்திரி மாதிரி இருக்குமாம்."

"ரோஸ்" என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. ஒரு ரோஸ் டைல்ஸை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. "ரோசா கேட்டா?" என்றார். "சின்னதுல திருவிழாக் கடையில ரோஸு வளையல காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிருவாளே. கல்யாணம் ஆனா ஆச மாறத்தான செய்யும்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சௌரிராஜன் டைல்ஸை வைக்கோல் வைத்துக் கட்டத் தொடங்கியிருந்தார்.

கொத்தனார் காசிமாயன் மறுநாளே வேலையைத் தொடங்கினார். டைல்ஸை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் சிமெண்டின் ஈரத்தை அது குடித்துவிடும், பிறகு கழன்று விழும் என்றார். மாமா ஊரிலிருந்து மாட்டுத் தொட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தினமும் முதல் பேருந்தில் வந்து கடைசிப் பேருந்தில் திரும்பினார். அத்தை கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியில் எனக்கும் சேர்த்துக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இருந்தது. நான் வேலை முடிந்து போகும் நேரத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"அண்ணே, நீங்க ஊருக்குப் போனா நான் நாளைக்கே முடிச்சிருவேன். இருந்தீங்கன்னா தைப்பொங்கல் வந்துரும்."

"நூலு புடிச்சுப் பாருப்பா. மூணாவது வரி தூக்கலா நிக்கிது."

"உங்க கண்ணுதான் தூக்கலா நிக்கிது."

ஆனாலும் காசிமாயன் மூன்றாவது வரியைப் பெயர்த்து மறுபடி ஒட்டினார். தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், சித்தாளிடம், மணல் இறக்கிய வண்டிக்காரரிடம், எல்லாரிடமும் மாமா ஒன்றையே சொன்னார். "எம்மக கேட்டுட்டுப் போன கலரு." சொல்லும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. நான் வாசலில் நின்று கேட்பேன். பிறகு வெளியே போய் சைக்கிளைத் துடைப்பேன். சைக்கிள் அந்த நாட்களில் மிகவும் சுத்தமாக இருந்தது.

வேலை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பாதியில் சொன்னால் சுவர் அப்படியே நின்றுவிடும் என்று காரணமும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காசிமாயன் வரவில்லை. இடுக்குகளுக்கு வெள்ளை சிமெண்ட் பூசி முடித்திருந்தார். காய்ந்து படிந்த பூச்சைத் துடைத்தெடுப்பது மட்டும்தான் பாக்கி. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஈரச் சாக்கால் ஒவ்வொரு டைல்ஸாகத் துடைத்தார். நான் வாளியில் தண்ணீர் மாற்றிக் கொடுத்தேன். கீழ் வரிசை முடிந்தால் சொல்லிவிடலாம். "மாமா" என்றேன். "என்ன மாப்ள" என்றார், திரும்பாமல். அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

சோலையம்மாளின் அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். வீடு பார்க்க வந்தவர்கள். தல்லாகுளத்து வாடகை வீட்டில் அம்மா வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாமா இங்கே வருகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாள் கூடத்தைப் பார்த்தாள், நிலைக் கதவைத் தொட்டுப் பார்த்தாள், நான் தடுப்பதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அடி ஆத்தீ! இம்புட்டு அழகா இருக்குமுன்னு நெனைக்கலையே! நம்ம சோலை கேட்ட அதே ரோசு."

"புள்ள ஒரு வார்த்த சொல்லிவிட்டுச்சு, மாப்ள செஞ்சு காமிச்சுட்டாரு பாத்தியாக்கா" என்றார் தாய்மாமன். என் முதுகில் தட்டினார். "தையில வந்து பொழங்கப் போறவ. இப்பவே அவ வச்சதுதான் சட்டமா மாப்ள?"

சாக்கு சுவரில் நின்றது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய முதுகெலும்பு கழுத்திலிருந்து இடுப்புவரை தெரிந்தது. அதில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு சாக்கு மெதுவாக மறுபடி நகர்ந்தது. துடைத்த டைல்ஸையே திரும்பத் துடைத்தார்.

"இவருதான் கொத்தனாரா?" என்று தாய்மாமன் என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தேன். மாமா என்ற ஒரே சொல் போதும். காலையிலிருந்து எத்தனையோ முறை சொன்ன சொல்தான் அது. என் தலை அசைந்தது. எப்போதும் அசைவது போல, மேலும் கீழும்.

மாமா அதைப் பார்த்தார். அப்போதுதான் திரும்பியிருந்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. பிறர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் போல ஓரமாக ஒதுங்கி, அந்த அம்மாள் பார்ப்பதற்கு வழி விட்டார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நல்லா ஒட்டிருக்கீங்க மேஸ்திரி" என்றாள் அவள். "அந்த மூலையில வெள்ளையாத் தெரியுது பாருங்க. அதையும் தொடச்சிருங்க."

"தொடச்சிருறேன் தாயி."

"தாளிச்சா எண்ணெ தெறிக்கும். மஞ்சக் கற புடிச்சுக்கிருமோ?"

"புடிக்காது. வெந்நியில சீயக்காத்தூளப் போட்டுத் தொடச்சா போயிரும்." சுவரைப் பார்த்தபடி சொன்னார். "ஆசிட்டு மட்டும் ஊத்திர வேணாமுன்னு புள்ளகிட்டச் சொல்லுங்க தாயி. பளபளப்புப் போயிரும். பெறகு வராது."

"சொல்லிர்றேன்" என்றாள். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. எங்களுக்காகக் கொண்டுவந்த பையைத் திறந்து இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெல்லப்பாகில் ஊறிய சீரணி மிட்டாய். "எடுத்துக்கங்க மேஸ்திரி. நல்ல காரியம் நடக்கப்போற வீடு" என்று நாலைந்து துண்டுகளை எடுத்து அவர் கைக்குக் கொஞ்சம் உயரத்திலிருந்தே போட்டாள். பிறகு தம்பியோடு மாடிப்படியைப் பார்க்கப் போனாள்.

மாமாவின் உள்ளங்கை முழுக்க வெள்ளை சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. மிட்டாயிலிருந்து பாகு கசிந்து அந்த வெடிப்புகளில் ஓடியது. வைப்பதற்கு இடம் பார்த்தார். அடுப்பு மேடையைத் துடைத்து முடித்திருந்தார். அதன்மேல் வைக்கவில்லை. பாகு மணிக்கட்டுக்கு வந்தது. தரையில் சொட்டிவிடாதபடி இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டு, இரண்டு கையும் நீட்டியபடி, ரோஸ் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.