வேர்த்த பெட்டி

மீன் குளிர்கிடங்கின் சாப்பாட்டு அறையில் பெண்கள் ரப்பர் காலணிகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். நர்ஸ் நீலப் பெட்டியைத் திறந்து, ஐஸ் பைகளுக்கு நடுவிலிருந்து தடுப்பூசிப் புட்டியை எடுத்தாள். பைகளின்மேல் நீர் முத்து முத்தாக நின்றது.

இரண்டாவதாக நின்ற கைக்குழந்தைக்காரியின் கண் அந்த நீரைவிட்டு நகரவில்லை. வேர்த்த பெட்டிகளை ஒதுக்குவதுதான் பார்சல் மேசையில் அவளுடைய வேலை. வேர்த்திருந்தால் சரக்கு ஒருமுறை உருகிவிட்டது என்று பொருள். ஒதுக்கியவற்றை மேற்பார்வையாளர் மறுபடி உறையவைத்து, புதுச்சீட்டு ஒட்டி அனுப்புவதையும் அவள் அறிவாள்.

"பாத்தீங்களா அண்ணி, உருகின சரக்கு," என்றாள் பின்னால் நின்ற நாத்தனார். "சீட்டை மாத்தி நம்ம தலையில கட்டுறாங்க."

பால் கொடுப்பவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது என்று போன மாதம் அறிவித்தவரும் மேற்பார்வையாளர்தான். இப்போது, போடாதவர்களுக்கு வேலையில்லை என்கிறார். கைப்பேசி வீடியோவில் ஒரு டாக்டர், ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்றார். இன்னொருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். இருவரும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார்கள். வீட்டில் குழந்தைக்கு அவள் பாலைத் தவிர வேறு உணவு பழகவில்லை.

"நர்ஸம்மா, பெட்டி வேர்த்திருக்கே. கெட்டுப்போகலையா?"

நர்ஸ் நிமிர்ந்தாள். "அது வேர்க்கணும்மா. ஏன்னா…"

"பாடம் நடத்த நேரமில்ல," என்று மேற்பார்வையாளர் குறுக்கிட்டார். "போடுறவங்க இப்படி வாங்க. மத்தவங்க கேட்டுக்கு வெளிய போங்க."

அவர் நர்ஸின் வாயை அடைத்த வேகமே அவளுடைய சந்தேகம் உறுதிப்படப் போதுமானதாக இருந்தது. வரிசையை விட்டு விலகினாள். நாத்தனார் கூடவே ஓரடி வைத்து நின்றுவிட்டாள்.

"வீட்டுக்கு ஒரு சம்பளமாவது வரணும் அண்ணி," என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

வேலை முடிந்து வெளியே வந்த நர்ஸ் கேட்டருகே அவளைக் கண்டு நின்றாள். கல்லாக உறைந்த ஐஸ் பட்டால் இந்த மருந்து கெட்டுவிடும் என்றும், அதனால் பை வேர்க்கத் தொடங்கிய பிறகே அடுக்குவது வழக்கம் என்றும் விளக்கினாள். பாலுக்கும் ஒன்றும் ஆகாதாம்.

"இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டாங்களா?"

அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கையை நீட்டினாள். "போடுங்க."

"மருந்து தீந்துபோச்சும்மா. அடுத்த வாரம் வருவேன்."

வண்டி நர்ஸை ஏற்றிக்கொண்டு போனது. மேற்பார்வையாளர் கேட்டைத் திறந்து, வேலை கேட்டுச் சுவரோரம் காத்திருந்த ஒருத்தியைக் கைகாட்டி அழைத்தார்.

"குளிர் தாங்குவியா?"

வந்தவள் தலையசைத்தாள். அவர் ஊசியைப் பற்றி எதுவும் கேட்காமல் பிளாஸ்டிக் மேலங்கியை நீட்டினார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் அதை மாட்டிக்கொண்டு, புதியவள் பார்சல் மேசையை நோக்கி நடந்தாள்.